குழல்வல்லார் மூல்பெல்டு

மேனாட்டு இசைப்புலவர் வரலாறுகளைப் பயில்வோர் ரிச்சர்டு மூல்பெல்டு என்னும் பெயரைப் பெரும்பாலும் ஓரிடத்தேதான் காண்பர். ஜொஹன்னஸ் பிராம்ஸ் என்னும் பெரும்புலவரின் சரிதத்தில், இறுதி அதிகாரத்திற்குச் சற்று முன்னர், இரண்டொரு பக்கங்களில் அப்பெயர் தோன்றும், பின்னர் மறைந்துவிடும். கதைத்தலைவனுக்குத் தக்க சமயத்தில் உதவிய தோழனைப் போல அவரை அங்கேயே நிறுத்திவிட்டு நூலாசிரியர் மேற்செல்வர். அங்ஙனம் நிறுத்தப்பட்டவருக்கும் பிறப்பும் பயிற்சியும் உழைப்பும் முடிவும் உண்டன்றோ? அவற்றை நாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

ஜெர்மனியின் நடுவே துரிங்கியா என்னும் மலைக்காட்டு நாடு உளது. அதனூடே வெரா என்னும் ஆறு பாய்கின்றது. அவ்வாற்றின் கரையில், உப்பூற்றுக்களாற் பெயர்பெற்ற சால்சுங்கன் என்ற சிற்றூரில், 1856-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் மூல்பெல்டு பிறந்தார். தந்தையார் அவ்வூரின் நகர இசைஞர். நகர இசைஞர் எனப்படுவார் அந்நாளில் ஜெர்மானிய ஊர்கள் பலவற்றினும் இருந்தனர். ஊர் விழாவாயினும், திருமணமாயினும், ஆலய வழிபாடாயினும், ஆங்கு வேண்டும் இசையை அளிப்பது அவர்தம் கடமை. இன்று பிடில், நாளை எக்காளம், மறுநாள் குழல் என எக்கருவியையும் எடுத்து வாசிக்க வல்லராதல் அவர்க்கு இன்றியமையாதது. அத்தகைய இல்லத்திற் பிறந்த பிள்ளைக்கு இசை தனிப்பட்ட கல்வியன்று. வீட்டுத் தொழிலே அது. ரிச்சர்டு தந்தையாரிடமே பிடிலும் கிளாரினெட்டும் கற்றார். உப்பூற்றில் நீராடி நோய் தீர்த்துக்கொள்ள வருவோரை மகிழ்விக்கும் சிறு வாத்தியக் குழுவில் இளமையிலேயே அமர்ந்து வாசித்தார்.

1873-ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், அருகிலிருந்த மைனிங்கன் நகரத்து அரண்மனைப் பல்லியக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடம் கிளாரினெட்டுக்கு உரியதன்று. பிடில்காரர் வரிசையிலேதான் அவர் சேர்ந்தார். இதனை வாசகர் நினைவிற்கொள்ளுதல் வேண்டும். பகலிற் பிடில் வாசித்துச் சம்பளம் பெற்ற இளைஞர், எஞ்சிய பொழுதில் ஆசிரியர் எவருமின்றித் தாமே கிளாரினெட்டிற் பயின்று தேர்ந்தார். ஆறாண்டுகள் கழிந்தபின், 1879-இல், அக்குழுவின் முதற் கிளாரினெட் ஆசனம் அவருடையதாயிற்று. ஊரார் மெச்ச ஒரு கருவியில் நிலைபெற்ற ஒருவர் அதனை விட்டு வேறொன்றிற்கு மாறுதல் எளிதன்று. ஆயினும் முன்னைய பயிற்சி வீண்போகவில்லை என்றே நாம் கருதுகின்றோம். வில்லை இழுத்து ஒரு சுரத்தை நீட்டவும் தேய்க்கவும் பழகிய கை, மூச்சால் அதனைச் செய்யும் வாய்க்கு வழிகாட்டியிருத்தல் கூடும்.

இனி, கருவியைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் நாட்டார்க்குக் கிளாரினெட் புதியதன்று. சதிர்க் கச்சேரிகளில் அது நெடுங்காலம் வழங்கிற்று. நாகசுரத்தின் சீவாளி இரண்டு தகடாய் இணைந்திருப்பது. கிளாரினெட்டுக்கோ நாணலிற் சீவிய ஒற்றைத் தகடே உண்டு. அத்தகடு வாய்முனையோடு சேர்த்துக் கட்டப்பெற்றிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூரம்பர்க்கு நகரத்து டென்னர் என்னும் கருவித்தச்சர் இதனை ஆக்கியளித்தார் என்பர். இதன் இயல்பு ஒன்று விந்தையானது. புல்லாங்குழலில் ஊதும் விசையை மிகுத்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். கிளாரினெட்டிலோ ஒரு ஸ்தாயியும் அதன்மேற் பஞ்சமமுமாகப் பாய்ந்து உயரும். அதனால் இக்கருவியின் கீழ்ப்பகுதி ஒரு நிறம், மேற்பகுதி வேறொரு நிறம். கீழே ஆழ்ந்த கிணற்றின் இருள் போன்ற ஓசை. மேலே தெளிந்த மாந்தர் குரல் போன்ற ஓசை. இவ்விரண்டையும் ஒருவரே ஊதுகின்றார் என்று தோன்றாதவாறும் ஊதலாம்; ஒருவரே என்று தோன்றுமாறும் ஊதலாம். வல்லார்க்கே பின்னையது கைவரும்.

மூல்பெல்டு கையாண்டவை மியூனிச்சு நகரத்து ஒட்டன்ஸ்டைனர் என்னும் தச்சர் பாக்ஸ் என்ற இளமஞ்சள் மரத்திற் கடைந்த கிளாரினெட்டுகள். அவற்றின் சாவிகள் கார்ல் பேர்மன் என்னும் புகழ்பெற்ற குழலாளர் வகுத்த முறையில் அமைந்தவை. அந்தக் கார்லின் தந்தையான ஹைன்ரிக் பேர்மனுக்காகவே வேபர் 1811-இல் தம் கிளாரினெட் கீர்த்தனங்களை இயற்றினார். அதற்கும் முன்னே, 1789-இல், மொஸார்ட்டு தம் நண்பர் ஆன்டன் ஸ்டாட்லருக்காகக் கிளாரினெட்டும் நான்கு நரம்புக் கருவிகளும் சேர்ந்த ஐவரிசையை ஆக்கினார். இக்கருவிக்கு வாய்த்த நற்பேறு இதுவெனலாம்: சிறந்த நூல் ஒன்று பிறக்கும்போதெல்லாம் அதன் பின்னே ஊதுபவர் ஒருவர் நின்றிருக்கின்றார்.

மைனிங்கன் சிற்றரசு ஒன்றின் தலைநகர். அதன் கோமகன் இரண்டாம் ஜார்ஜ் கலைப்பித்தர். அவர் நடத்திய நாடகக் குழு ஐரோப்பா எங்கணும் சுற்றிப் புகழீட்டியது. பல்லியக் குழுவிலும் அவர் சிரத்தை குறையவில்லை. 1880-ஆம் ஆண்டில் ஹான்ஸ் வான் பூலோ என்பாரைத் தலைவராக அமர்த்தினார். பூலோ கடுமையான ஆசான். குழுவினர் ஏறத்தாழ ஐம்பதின்மரே. ஆயினும் அவர்களைப் பிரிவு பிரிவாகத் தனித்தனியே வைத்துப் பயிற்றி, ஏட்டைப் பாராமல் மனப்பாடமாகவும் வாசிக்கச் செய்தார். பெருநகரத்துக் குழுக்கள் எல்லாம் இச்சிற்றூர்க் குழுவைக் கண்டு நாணும் நிலை வந்தது. இளைஞர் மூல்பெல்டு செதுக்கப்பெற்ற பட்டறை அதுவே.

1884 முதல் 1896 வரை பைராய்ட்டு நகரத்து வாக்னர் விழாவிலும் அவர் முதற் கிளாரினெட் வாசித்தார். அவ்வரங்கில் பல்லியக் குழு மேடையின் அடியில் மூடப்பட்ட பள்ளத்தில் அமரும். வாசிப்போர் முகத்தை அவையோர் காணார். வாக்னர் அன்பரும் பிராம்ஸ் அன்பரும் அக்காலத்திற் கட்சி கட்டிக்கொண்டு பத்திரிகைகளிற் போர் புரிந்தனர். மூல்பெல்டோ கோடையில் அங்கும் மற்றைக் காலத்தில் இங்குமாக இரு திறத்தார்க்கும் ஊதினார். கட்சிச் சண்டை எழுதுபவருக்கே உரியது போலும். ஊதுபவருக்கு அதற்கு மூச்சு ஏது?

பிராம்ஸ் மைனிங்கனுக்கு முதலில் வந்தது 1881-இல். அதன்பின் அடிக்கடி வந்தார். அவருடைய நான்காம் சிம்பொனி 1885-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் அந்நகரிலேயே அவர் தலைமையில் அரங்கேறியது. அக்காலத்தில் முதற் கிளாரினெட் ஆசனம் மூல்பெல்டுக்கு உரியது. ஒரே கூடம்; ஒரே இசை; பத்தடி இருபதடித் தொலைவு. ஆயினும் ஐம்பதின்மர் ஒலியினிடையே அந்த ஒருவர் ஒலி பிராம்ஸின் செவியைத் தனித்துத் தொட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பத்தாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. நம் மனத்தை இவ்வரலாற்றில் மிகவும் கவர்ந்தது இச்செய்தியே. மூல்பெல்டு அப்பத்தாண்டுகளிலும் அதே ஊரில், அதே நாற்காலியில், அதே மஞ்சள் மரக் குழலை ஊதிக்கொண்டிருந்தார். பெருநகரம் நோக்கிப் புறப்பட்டிலர்.

இதற்கிடையே பிராம்ஸ் முதுமை எய்தினார். விவிலிய வசனங்களைக் கொண்டு அவர் ஆக்கிய ஜெர்மானிய ரெக்குயம் என்னும் பெருங்கூட்டிசை 1868-இலேயே அவரை நாடறியச் செய்திருந்தது. நான்கு சிம்பொனிகள் முடிந்தன. 1890-இல் ஐந்து நரம்புக் கருவிகளுக்கான ஓர் இசைநூலை முடித்தபின், இனி எழுதுவதில்லை என்று தம் பதிப்பாசிரியர் சிம்ராக்குக்குத் தெரிவித்தார். இஷ்ல் என்னும் கோடை வாசத்தலத்தை விட்டு வரும்போது, கிழித்தெறிந்த பழைய ஏடுகளை டிரவுன் ஆற்றிற் போட்டுவிட்டதாகவும் எழுதினார். 1891-ஆம் ஆண்டு மே மாதத்திலே தம் உடைமைகளைக் குறித்த விருப்ப ஆவணத்தையும் எழுதி அனுப்பினார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தெட்டே. கடையைக் கட்டும் வணிகரைப் போல அவர் கணக்கு முடிக்கலாயினார்.

ஆனால் அந்த ஆவணம் எழுதப்படுவதற்கு இரண்டு திங்கள் முன்னரே, அவரையும் அறியாமல், வேறொன்று நிகழ்ந்துவிட்டது. 1891 மார்ச்சு மாதத்தில் அவர் மைனிங்கனுக்கு வந்திருந்தார். பூலோவுக்குப் பின் வந்த தலைவர் பிரிட்ஸ் ஸ்டைன்பாக் அவர் கவனத்தை மூல்பெல்டின்பால் திருப்பினார். மூல்பெல்டு வேபரின் கீர்த்தனம் ஒன்றையும் மொஸார்ட்டின் ஐவரிசையையும் வாசித்தார். இம்முறை குழல் ஐம்பதின்மரிடையே மறைந்திருக்கவில்லை, தனித்து நின்றது. கிளாரினெட்டை இவரினும் அழகாக வாசிப்பார் எவருமில்லை என்னும் கருத்துப்படப் பிராம்ஸ் தம் நெடுநாள் தோழியார் கிளாரா ஷூமனுக்கு எழுதினார். புகழுரை வழங்குவதிற் சிக்கனம் பிடிப்பவர் என்று பேர்பெற்றவர் அவர்.

ஆவணம் எழுதிய அதே கோடையில், அதே இஷ்லில், பிராம்ஸ் மீண்டும் எழுதுகோலை எடுத்தார். கிளாரினெட், செல்லோ, பியானோ மூன்றற்கும் உரிய மூவரிசை ஒன்றும், கிளாரினெட்டுக்கும் நான்கு நரம்புக் கருவிகளுக்கும் உரிய ஐவரிசை ஒன்றும் அவ்வொரு கோடையிலேயே முடிந்தன. கோமகனின் துணைவியார் முன்னாள் நடிகை. பூலோவிடம் பியானோ பயின்றவர். அவருக்குப் பிராம்ஸ் கடிதம் எழுதி, மைனிங்கனில் இவற்றை வாசித்துக் காட்ட வரலாமா என்று விளையாட்டுத் தொனியில் அனுமதி வேண்டினார். நவம்பர் 24-ஆம் நாள் அரண்மனையில் அவை தனிப்பட ஒலித்தன. மூவரிசையிற் பியானோ வாசித்தவர் பிராம்ஸே. செல்லோ வாசித்தவர் ராபர்ட்டு ஹௌஸ்மன். ஐவரிசைக்குத் தலைமை தாங்கியவர் பெரும்பிடிலாளர் யோசேப்பு யோவாகிம்.

டிசம்பர் 12-ஆம் நாள் பெர்லின் நகரத்துச் சிங்கக்கடமி மண்டபத்திற் பொது அரங்கேற்றம். யோவாகிம் நடத்திய நால்வரிசைக் கச்சேரிகளில் நரம்புக் கருவிகளையன்றிப் பிறவற்றிற்கு இடமில்லை என்பது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை ஒரு சிற்றூர்க் குழலாளர்க்காக அன்று தளர்த்தினர். ஐவரிசையின் இரண்டாம் பகுதியை அவையோர் மீண்டும் கேட்க விரும்பினமையால் அதனை மறுபடியும் வாசிக்க நேர்ந்தது. எழுபத்தாறு வயதான ஓவியர் மென்ட்ஸெல் மூல்பெல்டின் வாசிப்பிற் பெரிதும் ஈடுபட்டு, அவரைக் கிரேக்கத் தெய்வம் ஒன்றன் உருவில் வரைந்து அப்படத்தைப் பிராம்ஸுக்கு அனுப்பினார்.

அவ்விரண்டாம் பகுதியைக் குறித்து நாம் சிறிது நின்று பேசவேண்டும். நரம்புக் கருவிகள் நான்கும் தம் குரலை அடக்கும் கட்டைகளைப் பூண்டு மெல்லென ஒலிக்கின்றன. அவற்றின்மேற் கிளாரினெட் மூன்றே சுரங்களில் ஒரு தாலாட்டைப் போலத் தொடங்குகின்றது. நடுவிலோ திடீரென அமைதி கலைகின்றது. ஹங்கேரி நாட்டு நாடோடி இசைஞர் போலக் குழல் தாளக்கட்டைத் தளர்த்தி மேலும் கீழும் அலைகின்றது, நரம்புகள் நடுங்குகின்றன. ஒரு மூச்சில் மேலேறி மறுமூச்சில் இருண்ட அடித்தானத்திற்கு இறங்குமாறு அவ்விடம் எழுதப்பெற்றுள்ளது. முன்னே நாம் கூறிய இரு நிறங்களையும் ஒரே குரலாக்க வல்ல ஒருவரைக் கண்முன் கொண்டாலன்றி இவ்வாறு எழுத இயலாது. ஒலிப்பதிவிற் கேட்பவர்க்கும் இது விளங்கும். பிராம்ஸ் தாம் ஐவரிசையினும் மூவரிசையையே மிகுதியாக விரும்பினார் என்பர். ஆக்கியோர் கருத்தாயினும் அதனை நாம் ஏற்கவியலவில்லை.

மறு ஆண்டு, 1892 மார்ச்சில், மூல்பெல்டு யோவாகிமுடன் இலண்டன் சென்று புனித யாக்கோபு மண்டபத்தில் ஐவரிசையை வாசித்தார். ஆங்கிலேயரும் அவரைக் கொண்டாடினர். அயர்லாந்திற் பிறந்த ஸ்டான்போர்டு என்னும் இசையாசிரியர் பின்னாளில் ஒரு கிளாரினெட் கீர்த்தனத்தையே அவருக்கென இயற்றினார். ஆயினும் அதனை முதலில் அரங்கேற்றியவர் வேறொருவர். இப்பயணங்களுக்குப் பின்னும் மூல்பெல்டு மைனிங்கனுக்கே மீண்டார். பிராம்ஸ் அவரைச் செல்வி கிளாரினெட் என்றும் தம் நாயகி என்றும் பட்டப்பெயரிட்டு அழைத்தார். தாடியும் மீசையுமாக அமர்ந்திருந்த அந்த உத்தியோகத்தர்க்கு இப்பெயர்கள் எவ்வளவு பொருந்தினவோ! தமக்குப் பிரியமானவரிடத்தன்றிப் பிராம்ஸ் இங்ஙனம் விளையாடுவதில்லை என்பதை மட்டும் நாம் அறிவோம்.

1894-ஆம் ஆண்டுக் கோடையில் மூல்பெல்டை மனத்திற்கொண்டு இரண்டு சொனாட்டாக்கள் பிறந்தன. கிளாரினெட்டும் பியானோவும் மட்டுமே அவற்றிற்குரியவை, வேறு துணையில்லை. அவ்விலையுதிர் காலத்திலேயே பெர்க்டெஸ்காடன் என்னுமிடத்திற் கோமகன் குடும்பத்தார்க்கு இருவரும் அவற்றை வாசித்துக் காட்டினர். நவம்பரில் பிராங்பர்ட்டு நகரில் கிளாரா ஷூமன் அம்மையார் இல்லத்திற்குச் சென்றனர். அம்மையார்க்கு வயது எழுபத்தைந்து, காது மந்தப்பட்டுவிட்டது. இளமையில் ஐரோப்பா முழுவதும் போற்றிய பியானோ வித்தகியார், தம் வாழ்நாள் நண்பர் பியானோவில் அமர, அவர் அயலில் நின்ற குழலாளர் ஊதுவதைச் செவி சாய்த்துக் கேட்டார். ஒலி அவர்க்கு எவ்வளவு எட்டிற்றோ, அவ்வீட்டில் அன்று அமர்ந்திருந்தோரே அறிவர். 1895 ஜனவரியில் வியன்னாவில் அச்சொனாட்டாக்கள் பொதுமக்கள்முன் ஒலித்தன. அதன்பின் வேறு சில நகரங்களிலும் இருவரும் சென்று வாசித்தனர். முதியவரும் நடுவயதினருமாகிய அவ்விருவர் புகைவண்டியில் ஊர் ஊராகச் சென்ற அக்குளிர்காலமே மூல்பெல்டின் வாழ்வில் உச்சிப்பொழுது என்று நாம் எண்ணுகின்றோம்.

பிராம்ஸ் பின்னர்ப் பெரிதாக ஒன்றும் இசைக்கூட்டத்திற்கென எழுதவில்லை. 1896 மே மாதத்தில் கிளாரா அம்மையார் இறந்தார். அவ்வாண்டில் விவிலிய வசனங்களுக்கு இசையமைத்த நான்கு பாடல்களையும், ஆர்கனுக்கான சில ஞானப்பாட்டு முன்னிசைகளையும் பிராம்ஸ் இயற்றினார். 1897 ஏப்ரல் 3-ஆம் நாள் அவரும் மறைந்தார். அவருக்கு எழுந்த முதல் நினைவுச்சின்னம் பெருநகரங்களில் அமையவில்லை. 1899-இல் மைனிங்கன் நகரத்துப் பூங்காவிலே அமைந்தது.

மூல்பெல்டு பத்தாண்டு பின்னும் வாழ்ந்தார். தம் ஆசனத்தில் அமர்ந்தார். அழைத்த ஊர்களுக்குச் சென்று அந்நான்கு இசைநூல்களையும் வாசித்தார். 1907-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மைனிங்கனிலேயே ஐம்பத்தோராம் வயதில் உயிர்நீத்தார். ஆகஸ்டு மாதத்தில் யோவாகிமும் பெர்லினில் இறந்தார்.

ஈண்டு ஒரு செய்தி நம்மை வருத்துகின்றது. ஒலியைப் பதிக்கும் கருவி அக்காலத்தே தோன்றிவிட்டது. 1889 டிசம்பரில் பிராம்ஸ் பியானோ வாசித்ததை வியன்னாவில் மெழுகுருளையில் பதித்தனர். இரைச்சலினூடே ஏதோ கையசைவு கேட்கின்றது. யோவாகிம் 1903-இல் இசைத்தட்டுக்களுக்கு வாசித்தார். அவர் பிடிலின் ஓசை இன்றும் கிடைக்கின்றது. இவ்விருவர்க்கும் நடுவே வாழ்ந்த மூல்பெல்டின் ஊதுகை ஒன்றேனும் நமக்குப் பதிவாய்க் கிட்டவில்லை. புலவன் ஏட்டை விட்டுச் செல்கின்றான். சிற்பி கல்லை விட்டுச் செல்கின்றான். ஊதுபவன் காற்றிலே எழுதுகின்றான்.

அவர் ஊதிய இரு குழல்கள் மட்டும் மைனிங்கன் நகரத்து எலிசபெத்தன்பர்க்கு அரண்மனை அரும்பொருட்காட்சியில் உள்ளன. இக்காலத்துக் கிளாரினெட்டுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனவை. அவையோ வெளிறிய மஞ்சள் நிறம். கருவித்தச்சர் சிலர் அவற்றை அளந்து அவ்வாறே மஞ்சள் மரத்திற் கடைந்து புதியன செய்திருக்கின்றனர். குழலாளர் அவற்றை வாங்கி, ஐவரிசையின் இரண்டாம் பகுதியில் அந்த இறங்குமிடத்திற்கு வரும்போது மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்று தேடிக்கொண்டிருக்கின்றனர்.